களிப்பு வேறு, நிம்மதி வேறு: நிலைத்த மகிழ்ச்சிக்கு முழுமையான வழிகாட்டி

தாகம் எடுத்தவர் உப்புக்கடலை வாங்கித் தின்றால் வாய்க்கு வேலை கிடைக்கும், தாகம் கூடும். மகிழ்ச்சியைத் தேடும்போது பலரும் செய்வது இதைத்தான். நிம்மதி வேண்டியவர் துணிக்கடைக்குப் போகிறார். பேச்சுத்துணை வேண்டியவர் இரவு ஒரு மணி வரை ரீல்ஸ் தள்ளுகிறார். உருப்படியாக ஏதாவது செய்தோம் என்ற நிறைவு வேண்டியவர் பிரியாணி ஆர்டர் செய்கிறார். புடவையிலோ பிரியாணியிலோ குற்றமில்லை. தேவைப்பட்டது ஒன்று, வாங்கியது வேறொன்று.

அதனால் இங்கே முதலில் வகை பிரிப்போம். பிறகு ஒவ்வொரு வகைக்கும் உரிய பயிற்சி. தேவையானவை: 80 பக்க நோட்டு, பேனா, அலாரம் வைக்கக் கைபேசி, முதுகு நேராக உட்கார ஒரு நாற்காலி அல்லது மடித்த போர்வை. கணக்கெடுக்க 10 நாள், பிறகு நாளுக்கு ஏறக்குறைய அரை மணியில் தொடங்கி ஒரு மணி நேரம் வரையாக 8 வாரம். அதற்குள் யாரும் ஞானி ஆகிவிடப் போவதில்லை. எது நம்மை நிறைக்கிறது, எது நேரத்தையும் காசையும் மட்டும் கரைக்கிறது என்ற கணக்கு கைக்கு வந்துவிடும். அதுவே பெரிய லாபம்.

வகைகள்

களிப்பு, உவகை, பூரிப்பு, குதூகலம், பெருமிதம், ஆறுதல், நிறைவு, நிம்மதி என்று தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘களி’, ‘மகிழ்’ இரண்டுமே பழந்தமிழில் கள்ளோடும் அதன் மயக்கத்தோடும் ஒட்டி வந்த சொற்கள். இன்று எல்லாவற்றையும் ‘ஹேப்பி’ என்ற ஒரே டப்பாவில் போட்டுவிட்டோம். டப்பாவைத் திறந்து பிரித்தால்தான் வேலை நடக்கும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைப் பற்றிய பகுதி, இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. உவகை பிறக்கும் இடங்கள் நான்கு: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. பெருமிதம் அதில் சேராது. அது தனி மெய்ப்பாடு. அது பிறக்கும் இடங்கள் கல்வி, தறுகண் எனப்படும் அஞ்சாமை, புகழ், கொடை. முதல் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் நமக்குக் கிடைப்பவை. இரண்டாவதில் இருப்பவை நாம் உழைத்து ஆக்குபவை. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் புலனின்பத்தையும், ‘யூடைமோனியா’ என்ற செழித்த வாழ்வையும் பிரித்தது ஏறக்குறைய இதே கோட்டில்தான். இன்றைய உளவியலும் அந்தக் கோட்டை அழிக்கவில்லை.

தொல்காப்பியம் சொல்லும் மெய்ப்பாடுகள் மொத்தம் எட்டு; அவற்றில் அமைதிக்குத் தனி இடம் இல்லை. பரதரின் நாட்டிய சாத்திரத்திலும் ரசங்கள் எட்டுத்தான்; சாந்தம் பின்னால் வந்து ஒன்பதாவதாகச் சேர்ந்தது. இரைச்சல் போடாத உணர்வு கடைசியில்தான் கண்ணில் படும் போலிருக்கிறது.

நம் வேலைக்கு ஐந்து வகை போதும். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

களிப்பு: நாக்கு, கண், காது, தோல் தருவது. சட்டென்று வரும், நிமிடங்களில் தேயும்.
ஒன்றுதல்: ஒரு வேலையில் தன்னை மறப்பது. நடக்கும்போது ‘மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்றே தோன்றாது, முடிந்தபின் தெரியும்.
கூடல்: மனிதர்களோடு இருப்பதால் வருவது. ஒரு நல்ல பேச்சு நாள் முழுக்கத் தாங்கும்.
பெருமிதம்: கற்றதால், கொடுத்ததால், பயந்ததைச் செய்து முடித்ததால் வருவது. ஆண்டுகள் கழித்து நினைத்தாலும் மிச்சமிருக்கும்.
அமைதி: எதுவும் நடக்காதபோதும் குறை தோன்றாமல் இருப்பது. இந்த வழிகாட்டியில் ‘நிலைத்த மகிழ்ச்சி’ என்பது இதைத்தான்.

ஒன்று மட்டமானது, இன்னொன்று உயர்ந்தது என்று தரம் பிரிக்க இந்தப் பட்டியல் இல்லை. களிப்பே இல்லாத வாழ்க்கை வறட்டு வாழ்க்கை. ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டாமல் இருக்கவே பிரிக்கிறோம்.

படி 1: பத்து நாள் கணக்கெடுப்பு

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், மனம் எங்கே இருந்தது (இங்கே, வேறெங்கோ), மதிப்பெண் 0 முதல் 10 வரை. நாளுக்கு மூன்று அலாரம். தினமும் நேரத்தை மாற்ற வேண்டும்: இன்று 9.40, 2.15, 7.50 என்றால் நாளை 7.10, 12.30, 9.05. ஒரே நேரத்தில் வைத்தால் ஒரே வேலைதான் திரும்பத் திரும்பப் பதிவாகும். அலாரம் அடித்த ஒரு நிமிடத்துக்குள் எழுதிவிடுங்கள். பத்து நாளில் 30 பதிவு கிடைக்கும்.

ராத்திரி மொத்தமாக நினைவிலிருந்து எழுதினால் கணக்கு பொய்யாகும். ஏனென்று 1993-இல் உளவியலாளர் டேனியல் கானமன் குழு செய்த ஒரு சோதனை காட்டியது. ஒரு கையை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு கையை அதே 60 விநாடியோடு, நீரைச் சற்றே சூடாக்கி மேலும் 30 விநாடி வைக்கச் சொன்னார்கள். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்ட வேதனையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததாம்! நினைவு உச்சத்தையும் முடிவையும் மட்டும் பிடித்துக்கொள்கிறது. நாளெல்லாம் நன்றாகப் போய், இரவு எட்டு மணிக்கு ஒரு சண்டை வந்தால் ‘இன்னைக்குப் பொழுதே சரியில்லை’ என்று எழுதுவோம்.

மூன்றாவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள். கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரின் கைபேசிப் பதிவுகளில் 46.9 சதவீத நேரம் மனம் செய்யும் வேலையில் இல்லை. மனம் வேறெங்கோ இருந்த நேரத்தில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. என்ன வேலை செய்கிறோம் என்பதைவிட மனம் அதில் இருக்கிறதா என்பதே மதிப்பெண்ணை அதிகம் அசைத்தது.

பத்தாம் நாள் ஓர் அளவுகோலையும் போட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் பட்டியல் அது. கடந்த இரண்டு வாரத்தில் உற்சாகமாக இருந்தேன், அமைதியாக, தளர்வாக இருந்தேன், சுறுசுறுப்பாக இருந்தேன், எழும்போது தூங்கி எழுந்த தெளிவு இருந்தது, அன்றாடத்தில் எனக்குப் பிடித்தவை நிறைந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் 0 (எப்போதுமே இல்லை) முதல் 5 (எப்போதும்) வரை மதிப்பெண். கூட்டினால் 25-க்கு ஒரு எண் வரும். 13-க்குக் கீழே வந்தால் இந்தப் பக்கத்தின் கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள்.

பிறகு 30 பதிவுகளுக்கும் எதிரே ஐந்து வகையில் எது என்று குறியுங்கள். 8, 9 விழுந்தவை எந்த வகை? நேரம் அதிகம் போனது எந்த வகையில்? இரண்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

படி 2: ஓட்டையை அடைத்தல்

இதை வேகமாகச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் தாண்டக் கூடாது. தூக்கம் 7 மணி நேரத்துக்குக் குறைந்தால் மற்ற எந்தப் பயிற்சியும் பிடிக்காது. எப்போதும் அசதி என்றால் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்; ரத்தசோகைக்குத் தியானம் மருந்தாகாது. கடன் இருந்தால் யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரே தாளில் எழுதுங்கள். எழுதாத கடன் மனசுக்குள் இரண்டு மடங்காகத் தெரியும். வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிடம் வேக நடை.

படி 3: களிப்பைத் தேயாமல் வைத்திருத்தல்

காலைக் காபியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிகாக்ஷன் வாசம் வரும்போதே ஒரு துள்ளல். டபராவோடு டம்ளர் கைக்கு வரும்போது இன்னொன்று. முதல் வாய். வேதாந்த நூல்கள் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கின்றன: விரும்பியதைக் காணும்போது பிரியம், அடையும்போது மோதம், அனுபவிக்கும்போது பிரமோதம். முதல் இரண்டும் தானாக வரும். மூன்றாவதுதான் நழுவும். இரண்டாவது வாய்க்குள் கை போனைத் தேடியிருக்கும். டம்ளர் காலியானது தெரியாது. ஆன்லைன் ஷாப்பிங்கிலும் இதே கதைதான். கூடையில் போடுவது பிரியம், பார்சலைப் பிரிப்பது மோதம். பிரமோதம் வருவதற்குள் பொருள் அலமாரிக்குள் போய்விடுகிறது.

பயிற்சி இது. முதல் மூன்று வாய்க்குப் போன், பேப்பர், பேச்சு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் டம்ளரைக் கீழே வையுங்கள். சூடு, கசப்பு, பின்னால் வரும் இனிப்பு என்று வரிசையாகக் கவனியுங்கள். நான்காவது வாயில் சுவை குறைந்திருப்பது தெரியும். அது காபியின் குற்றமில்லை. நரம்புகள் மாற்றத்தைத்தான் பெரிதாகச் சொல்லும், நிலைத்ததைச் சொல்லாமல் விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாவது டம்ளர் போட்டுப் பாருங்கள்: வேண்டும் என்ற தவிப்பு அப்படியே இருக்கும், ருசி பாதிதான் இருக்கும்.

தவிப்பும் ருசியும் மூளையில் வேறு வேறு தடங்களில் ஓடுகின்றன. 1954-இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் இருவரும் எலிகளின் மூளையில் மின்கம்பி வைத்தார்கள்; எலிகள் ஓயாமல் நெம்புகோலை அழுத்தின. இன்ப மையம் கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். பிறகு மிச்சிகனில் கென்ட் பெர்ரிட்ஜ் செய்த ஆய்வுகள், டோபமைன் என்ற மூளை ரசாயனம் பெரும்பாலும் ‘வேண்டும்’ என்ற உந்துதலை இயக்குவது, ருசிப்பது வேறு என்று காட்டின. நன்றாக ஒன்றுமே இல்லை என்று தெரிந்தும் கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

பெரிய அதிர்ஷ்டமும் தேயும். 1978-இல் பிரிக்மன் குழு லாட்டரியில் பெரும்பணம் வென்ற 22 பேரைப் பேட்டி கண்டது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை. அன்றாடச் சிறு சுகங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் குறைந்தும் போயிருந்தது.

தேய்மானத்தைத் தடுக்க நான்கு வழி. முதலாவது இடைவெளி. புரட்டாசி முழுக்க அசைவம் விட்டவர்களுக்கு மாதம் முடிந்த மறுநாள் மீன்குழம்பு எப்படி ருசிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதையே சின்ன அளவில் செய்யுங்கள்: மிகப் பிடித்த ஒன்றை வாரத்தில் மூன்று நாள் நிறுத்துங்கள். இரண்டாவது, நல்லதை நடுவில் நிறுத்தித் தொடர்வது. இரவோடு இரவாக ஒரு தொடரை முடிக்காமல் நாளுக்கு ஒரு பகுதி பாருங்கள். ஒரே மூச்சில் அனுபவிப்பது பழகிப்போகும். மூன்றாவது, உபரிப் பணத்தைப் பொருளைவிட அனுபவத்தில் போடுவது. அதை இன்னொருவரோடு பகிரும்போது களிப்பு கூடலாகவும் மாறுகிறது.

நான்காவது, கழித்துப் பார்ப்பது. ஞாயிறு மாலை நோட்டில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்து, அது இல்லாமல் போயிருந்தால் இன்று எப்படி இருக்கும் என்று ஆறேழு வரி எழுதுங்கள். ‘குடும்பத்துக்கு நன்றி, ஆரோக்கியத்துக்கு நன்றி’ என்று பட்டியல் போடுவது மூன்றாம் வாரமே சடங்காகிவிடும். ‘2016-இல் அந்த வீட்டுக்காரர் முன்பணத்தைக் குறைக்காமல் இருந்திருந்தால்’ என்று ஆள், ஆண்டு, இடத்தோடு எழுதினால்தான் மனம் அசையும். தினமும் வேண்டாம். எம்மன்ஸ், மக்கல்லா 2003-இல் வெளியிட்ட நன்றிக் குறிப்பு ஆய்வுகளில் ஒன்று வாரம் ஒருமுறை எழுதவைத்தே பலனைக் கண்டது.

இந்தப் படியில் நடக்கும் பெரிய தவறு, உற்சாகத்தில் எல்லாக் களிப்பையும் ஒரே நாளில் துறப்பது. பத்தாம் நாள் எல்லாம் வட்டியோடு திரும்பி வரும்.

படி 4: ஒன்றுதல்

வாசலில் புள்ளிக் கோலம் போடுபவரை ஐந்து நிமிடம் பாருங்கள். 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை. முதல் வரிசையில் ஒரு புள்ளி அரை அங்குலம் தள்ளினால் ஏழாவது வரிசையில் கோணல் தெரிந்துவிடும். சிக்குக் கோலம் என்றால் இன்னும் கறார்: கம்பி ஓரிடத்தில் தவறான பக்கம் வளைந்தால் சுற்றி வந்து சேராது. இழுக்கும் அந்த விநாடியே சரியா தப்பா என்று மாவு சொல்லிவிடும். போடுபவர் நேற்றைய பேச்சை நினைக்க முடியாது; நினைத்தால் கம்பி போய்விடும்.

ஒன்றுதலுக்கு வேண்டிய மூன்றும் இதில் இருக்கின்றன. தெளிவான இலக்கு, உடனே கிடைக்கும் பதில், திறமைக்குச் சற்று மேலே நிற்கும் கடினம். உளவியலாளர் மிஹாய் சீக்சென்ட்மிஹாய் ஓவியர்கள், சதுரங்க ஆட்டக்காரர்கள், மலையேறுபவர்கள், அறுவை மருத்துவர்கள் என்று பலரிடம் கேட்டுத் தொகுத்த நிபந்தனைகளும் இவையே. உங்களுடையது கோலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தையல், மிருதங்கம், தோட்டம், சைக்கிள் ரிப்பேர், கணக்குப் புதிர் எதுவானாலும் சரி. டிவி பார்ப்பது சேராது. அது பதில் கேட்காது.

வாரத்தில் மூன்று நாள், 45 நிமிடம். முதல் 10, 15 நிமிடம் மனம் முரண்டு பிடிக்கும். அந்த நேரத்தில்தான் பலர் எழுந்துவிடுகிறார்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைத்தால் போதாது. சலிப்பு வந்தால் வேலை எளிது என்று பொருள்: 7 புள்ளியிலிருந்து 9-க்குப் போங்கள். பதற்றம் வந்தால் வேலை கடினம்: இரண்டு புள்ளி குறையுங்கள். முடித்த உடனே படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் இந்த 8 வாரத்துக்கு மட்டும் வேண்டாம். போடுவது தெரிந்தால், இழுக்கும்போதே பார்வையாளர் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்.

படி 5: கூடல்

1938-இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஹார்வர்டு ஆய்வு, 268 ஹார்வர்டு மாணவர்களையும் பாஸ்டனின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 456 சிறுவர்களையும் முதுமை வரை பின்தொடர்ந்தது. ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவாக இருந்தவர்களே எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள்; கொலஸ்ட்ரால் அளவைவிட அது நன்றாக முன்னறிவித்தது. உறவு முக்கியம் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டாம், தெரியும். எப்படி என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

துக்கத்துக்குப் போகாமல் இருக்கமாட்டோம். நல்ல சேதிக்கு எப்படிப் பதில் சொல்கிறோம் என்று பாருங்கள். ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் இதை நான்கு விதமாகப் பிரித்தார். தங்கை போன் செய்கிறாள்: “அக்கா, மதுரைக்கே மாற்றல் கிடைச்சிருச்சு!”

“ம்ம், நல்லது.” இது உப்புச் சப்பில்லாத ஆமோதிப்பு.
“சரி, அம்மாவுக்கு மாத்திரை வாங்குனியா இல்லையா?” சேதி தரையில் விழுந்தது.
“மதுரையிலயா? வீட்டு வாடகை என்னன்னு தெரியுமா உனக்கு? பிள்ளைங்க பள்ளிக்கூடம் என்னாகும்?” இது அக்கறை என்ற பெயரில் குளிர்ந்த தண்ணீர்.
“நிஜமாவாடி! ஆர்டர் எப்ப வந்துச்சு? யார்கிட்ட முதல்ல சொன்ன? மாப்பிள்ளை என்ன சொன்னார்?” இதில்தான் சேதி இன்னொரு முறை நடக்கிறது.

நான்காவது வகைதான் உறவைக் கட்டுகிறது. நம் வீடுகளில் மூன்றாவதுதான் அதிகம், அதுவும் பாசத்தோடு. வாடகையைப் பற்றி நாளை கேட்கலாம். வாரத்தில் இரண்டு நல்ல சேதிகளுக்காவது மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்கு, என்ன கேட்டேன் என்று நோட்டில் ஒரு வரி. இதோடு வாரம் ஒரு பழைய நட்புக்குப் போன், 20 நிமிடம், காரணம் எதுவும் இல்லாமல்.

பொறாமை இடையில் வரும்; வராதவர் யார்? பதஞ்சலி யோக சூத்திரத்தில் (1.33) இதற்கு ஒரு மருந்துச் சீட்டு உண்டு: சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பத்தில் இருப்பவரிடம் கருணை, நல்லது செய்பவரைக் கண்டால் உவப்பு, தீமை செய்பவரிடம் ஒதுங்கிய நடுநிலை. நான்காவதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எல்லோரிடமும் நெருங்கு என்று அது சொல்லவில்லை.

படி 6: பெருமிதம்

‘ஈத்துவக்கும் இன்பம் அறியார்கொல்’ என்று குறள் (228) கேட்டதை 2008-இல் எலிசபெத் டன், லாரா ஆக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் சோதித்தார்கள். காலையில் சிலரிடம் 5 அல்லது 20 டாலர் கொடுத்து, பாதிப்பேரைத் தமக்கும் மீதிப்பேரைப் பிறருக்கும் செலவழிக்கச் சொன்னார்கள். மாலையில் பிறருக்குச் செலவழித்தவர்கள் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

எனவே சிறியதாகத் தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்றைக்கு மட்டும் ஐந்து சின்ன உதவிகள். வாரம் முழுக்கச் சிதறினால் வழக்கத்தில் கலந்து காணாமல் போகும். லியுபோமிர்ஸ்கி குழுவின் ஆய்விலும் ஒரே நாளில் ஐந்தையும் செய்தவர்களுக்கே பலன் தெரிந்தது. யாருக்குப் போகிறது என்று கண்ணால் பார்க்கும்படி இருந்தால் நல்லது. கொடை கசக்கும் இடங்கள் மூன்று: சக்திக்கு மீறிக் கொடுப்பது, கேட்காததைத் திணிப்பது, ‘நான் எவ்வளவு செஞ்சேன்’ என்று மனசுக்குள் பேரேடு வைப்பது. மூன்றாவது வந்துவிட்டால் கொடுப்பதை ஒரு மாதம் நிறுத்துவதே நேர்மை.

கொடையோடு ஒரு கல்வியும் ஒரு தறுகணும் சேருங்கள்: 8 வாரத்தில் கற்க ஒன்று, தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் சங்கடமான பேச்சு அல்லது விண்ணப்பம் ஒன்று.

படி 7: அமைதி

இதில் அவசரப்படாதீர்கள். மேலே உள்ளவை எல்லாம் ஏதோ ஒன்றைச் சேர்ப்பவை; இது சேர்க்காமல் இருப்பது. கீதையின் 18-ஆம் அத்தியாயம் சுகத்தை மூன்றாகப் பிரிக்கும்போது, ராஜச சுகம் முதலில் அமுதம் போலவும் முடிவில் விஷம் போலவும், சாத்விக சுகம் முதலில் விஷம் போலவும் முடிவில் அமுதம் போலவும் இருக்கும் என்கிறது. உட்கார்ந்த முதல் வாரமே அந்த ‘விஷம்’ புரியும்.

நேரம்: காலை, பல் துலக்கியபின், காபிக்கு முன். மாலை என்றால் சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். போர்வையை மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு மடித்து இடுப்புக்கடியில் வையுங்கள். முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்ந்திருந்தால்தான் முதுகு தானாக நிமிரும். மூட்டுவலி இருந்தால் நாற்காலி, பாதம் தரையில் பதிய.

முதல் இரண்டு நிமிடம்: நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும். உடம்பு முதலில் அடங்கட்டும். பிறகு மூச்சை அதன் போக்கில் விட்டு, வெளிமூச்சை மட்டும் 1 முதல் 10 வரை எண்ணுங்கள். எண்ணிக்கை தொலைந்தால் மறுபடி 1. கடைசி இரண்டு நிமிடம் எண்ணிக்கையையும் விட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முதல் வாரம் 5 நிமிடம், இரண்டாம் வாரம் 8, மூன்றிலும் நான்கிலும் 12, அதன்பின் 15 முதல் 20. வசதிப்பட்ட நாளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மறு வாரம் முழுக்க விடுவதால் பயனில்லை.

சிக்கல்கள் வரும். தூக்கம் சொக்கினால் கண்ணைப் பாதி திறந்து தரையைப் பாருங்கள்; அப்படியும் சொக்கினால் அது இரவுத் தூக்கத்தின் பாக்கி, படி 2-க்குத் திரும்புங்கள். ‘மனசு நிக்கவே மாட்டேங்குது’ என்பது எல்லோரும் சொல்லும் புகார். நாற்பது முறை தொலைந்து நாற்பது முறை எண்ணிக்கைக்குத் திரும்பினால் நாற்பது தண்டால் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய துக்கமோ பயமோ பொங்கி வந்தால் பிடிவாதமாக உட்காராதீர்கள். கண்ணைத் திறந்து அறையிலுள்ள ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லிப் பாருங்கள், எழுந்து நடங்கள். திரும்பத் திரும்ப வந்தால் நேரத்தைக் குறைத்து, ஆலோசகர் ஒருவரிடம் பேசுங்கள்.

நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. ஒருநாள் உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு, இனம்புரியாத பரவசம் வரும். மறுநாள் அதையே தேடி உட்காருவோம், வராது, எரிச்சல் வரும். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் எழுதப்பட்ட விசுத்திமக்கம் இந்த இரண்டையும் பிரித்து உவமை சொல்கிறது: பாலையில் களைத்தவன் தூரத்தில் தண்ணீரைக் கண்டதும் துள்ளுவது பீதி, தண்ணீரைக் குடித்து நிழலில் அமர்ந்திருப்பது சுகம். (பாலி மொழியில் பீதி என்றால் பரவசம், நம் ‘பீதி’ அல்ல.) பரவசத்தைத் துரத்துபவர் அமைதியையும் களிப்பாக்கிவிடுகிறார்.

உட்காராத நேரத்துக்கும் ஒரு பயிற்சி. ஆசைப்பட்ட ஏதாவது கைக்கு வந்த அந்தக் கணத்தைப் பிடியுங்கள்: தேடிய சாவி கிடைத்தது, காத்திருந்த பேருந்து வந்தது. ஒரு பெருமூச்சோடு இதம் பரவும். அந்த இதம் சாவியிலிருந்தா வந்தது? சாவி நேற்றும் இருந்தது. ‘வேண்டும்’ என்ற இழுப்பு விட்டதும் இதம் தெரிகிறது. அவா என்னும் துன்பம் கெட்டால் இன்பம் இடையறாது வரும் என்று குறள் (369) சொல்வதை இதைவிடக் கிட்டத்தில் பார்க்க முடியாது. ரமணர் ஆழ்ந்த உறக்கத்தைக் காட்டி இதே இடத்துக்கு அழைத்து வருவார்: எந்தப் பொருளும் இல்லாத தூக்கத்தில் எல்லோரும் சுகமாகத்தானே இருக்கிறோம்? அவர் முடிவை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். நாளுக்கு மூன்று முறை அந்தக் கணத்தைக் கவனித்தால், எதுவும் கைக்கு வராதபோதும் இழுப்பைக் கொஞ்சம் தளர்த்த முடியும் என்பது ஐந்தாறு வாரத்தில் தெரிய ஆரம்பிக்கும்.

எந்த வாரம் எது

கணக்கெடுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். 1, 2-ஆம் வாரம்: தூக்கமும் நடையும், காபிப் பயிற்சி, சில நிமிட உட்காரல். 3, 4: ஒன்றுதலைச் சேருங்கள். 5, 6: நல்ல சேதிப் பயிற்சி, நட்புப் போன். 7, 8: கொடை நாள், தள்ளிப்போட்ட ஒரு வேலை. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பழக்கம் படிய எடுத்த நாள்களின் இடைநிலை 66. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. நடுவில் ஒருநாள் விட்டதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை.

இடையில் ‘இப்போ சந்தோஷமா இருக்கேனா?’ என்று தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள். ஐரிஸ் மௌஸ் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மகிழ்ச்சியை மிகப் பெரிதாக மதிக்கத் தூண்டப்பட்டவர்களுக்கு நல்ல சூழலில்கூட மகிழ்ச்சி குறைந்தது. விதை முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்ப்பவர் நிலைதான். ஐந்து கேள்விப் பட்டியலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் போடுங்கள்.

பயிற்சியால் ஆகாதவை

ஐந்து கேள்விக் கூட்டுத்தொகை 13-க்குக் கீழே இருந்தாலோ, இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லாமல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோய், மன உறுதிக்கான பரீட்சை இல்லை. சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் அன்றைக்கே பேச வேண்டும்: மனநல உதவி எண்கள், இந்தியாவில் டெலிமானஸ் 14416, இலங்கையில் 1926. இழப்புத் துயரத்தில் இருப்பவர் இந்தப் படிகளில் எதையும் செய்ய வேண்டியதில்லை. சாப்பாடு, தூக்கம், பக்கத்தில் ஓர் ஆள், அது போதும். வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால் அதைப் பொறுத்துக்கொள்வதற்கு உட்காரல் பயிற்சியைக் கருவியாக்காதீர்கள். அங்கே தேவை வெளியேறும் வழியும் சட்டமும்.

மற்றபடி ஊருக்குப் போவது, காய்ச்சல், பிள்ளைகளின் பரீட்சை என்று தொடர்ச்சி அறுந்துதான் போகும். அந்த நாள்களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: காலையில் ஐந்து நிமிட உட்காரல், மாலையில் யாருக்காவது ஒரு போன். வழக்கத்துக்குத் திரும்பும் நாளில், விட்ட வாரத்திலிருந்து தொடங்காமல் அதற்கு முந்தைய வாரத்திலிருந்து தொடங்குங்கள்.